ரெண்டு வருஷம் நீடிக்கிற ஒரு கிரகணம்: ஏப்சிலான் ஆரிகேவும் அதை மறைக்கிற தட்டும்

2010 ஜனவரி 15 மத்தியானம் எங்க தெருவே மொட்டை மாடில நின்னுச்சு. சூரிய கிரகணம். ராமேஸ்வரம், கன்னியாகுமரி பக்கமெல்லாம் முழு வளையமா தெரிஞ்சுது, சேலத்துல நமக்கு பெரும்பகுதி மறைஞ்ச பிறை. பக்கத்து வீட்டு தென்னங்கீத்துப் பந்தல் ஓட்டை வழியா தரைல விழற வெளிச்சப் புள்ளி ஒவ்வொண்ணும் குட்டிப் பிறையா இருந்துச்சு, அதை இன்னும் மறக்கல. சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி அதே மாடிக்கு மறுபடி ஏறினேன். ஏன்னா தலைக்கு மேல இன்னொரு கிரகணம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அது 2009 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, 2011 நடுவுலதான் முடிஞ்சது. ஏப்சிலான் ஆரிகேன்னு ஒரு நட்சத்திரம், 27 வருஷத்துக்கு ஒரு தடவை மங்கும், ரெண்டு வருஷம் கிட்ட மங்கியே இருக்கும், அப்புறம் பழையபடி ஆயிடும்.

இதைப் பத்தி பேசும்போதெல்லாம் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நட்சத்திரம் சாகப்போகுதுங்கறாங்க, ரெண்டு நட்சத்திரம் மோதப்போகுதுங்கறாங்க, ப்ளாக் ஹோல் முழுங்குதுன்னு ஃபார்வர்ட் வருது. மூணுமே இல்லைங்க. நட்சத்திரத்துக்கு ஒண்ணும் ஆகல, அதுக்கு முன்னாடி ஏதோ ஒண்ணு வந்து நிக்குது. வந்து நிக்கிறது என்னன்னு கண்டுபிடிக்க மனுஷங்களுக்கு கிட்டத்தட்ட 190 வருஷம் ஆச்சு. அந்தக் கதையைத்தான் சயின்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதலாம்னு பார்க்கறேன்.

தட்டாமாலை சுத்துற ரெண்டு பேர்

சின்ன வயசுல ரெண்டு பேர் கையைக் கோத்துக்கிட்டு தட்டாமாலை சுத்துவோமே, அதை கரண்ட் போன ராத்திரில தூரத்துல இருந்து பாருங்க. ஒருத்தன் வெள்ளைச் சட்டை, இன்னொருத்தன் கருப்புச் சட்டை. வெள்ளைச் சட்டைக்காரன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவான். ஆனா அவன் சும்மா வட்டம் போடறதைப் பார்த்தாலே தெரிஞ்சிடும், யாரோ கையைப் பிடிச்சிருக்காங்கன்னு.

வானத்துல இப்படி ஒண்ணை ஒண்ணு ஈர்ப்பு விசைல பிடிச்சுக்கிட்டு சுத்துற ரெண்டு நட்சத்திரத்துக்கு இரட்டை நட்சத்திரம்னு பேரு. சூரியனுக்குத்தான் ஜோடி கிடையாதே தவிர, வானத்துல ஜோடியா இருக்கறது ரொம்ப சாதாரணம்.

சுத்துறப்போ நம்ம பார்வைக் கோட்டுல ஒருத்தன் இன்னொருத்தனை மறைச்சா வெளிச்சம் குறையும். அப்படி மறைக்கிற ஜோடிக்கு கிரகண இரட்டைன்னு பேரு. எல்லா ஜோடியும் மறைக்காது, அவங்க சுத்துற தளம் நம்மளை நோக்கி நேரா இருந்தாத்தான் மறைக்கும். மாடில நின்னு கீழ தட்டாமாலையைப் பார்த்தா யாரும் யாரையும் மறைக்க மாட்டாங்க, தரைல நின்னு பார்த்தா மறைப்பாங்க, அவ்வளவுதான்.

இதுல பிரபலமானது அல்கால். 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒரு தடவை மங்கும், சுமார் 10 மணி நேரத்துல மங்கி திரும்பி வந்துடும். 1783ல ஜான் குட்ரிக்னு இங்கிலாந்துல ஒரு பையன், காது கேக்காது, 18 வயசு, அவர்தான் இதுக்குக் காரணம் ஏதோ ஒண்ணு குறுக்க வர்றதா இருக்கலாம்னு முதல்ல சொன்னாரு. கருவின்னு பெருசா ஒண்ணும் இல்லாம, தினமும் பார்த்து பார்த்து நேரம் குறிச்சே சொன்னாரு. எனக்கு இந்தத் துறைல ரொம்பப் பிடிச்ச மனுஷன் அவர்தான்.

சுருக்கமா: ரெண்டு பேர் சுத்துறாங்க, ஒருத்தர் குறுக்க வர்றப்போ வெளிச்சம் குறையுது, போனதும் திரும்புது. நட்சத்திரத்துக்கு நோய் இல்ல.

ஜுரம் பார்க்கற சார்ட் மாதிரி

ஆஸ்பத்திரில பெட் கால்மாட்டுல ஒரு சார்ட் தொங்கும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜுரம் பார்த்து புள்ளி வெச்சு கோடு இழுத்திருப்பாங்க. டாக்டர் வந்ததும் பேஷன்ட் முகத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாரு, ஏன்னா ஒரு தடவை எடுத்த டெம்பரேச்சர்ல ஒண்ணும் தெரியாது, ஏறி இறங்கற விதத்துலதான் என்ன நோய்ங்கறதே தெரியும். நட்சத்திரத்துக்கும் அதே மாதிரி ஒவ்வொரு ராத்திரியும் வெளிச்சத்தைக் கணக்கிட்டு புள்ளி வெச்சு இழுக்கற கோடுதான் ஒளி வளைவு.

வெளிச்சத்தை எதால அளக்கறது? அதுக்கு மேக்னிட்யூட்னு ஒரு அளவு இருக்கு. நம்பர் கம்மியானா வெளிச்சம் அதிகம், நம்ம ரேங்க் கார்டு மாதிரி, ஃபர்ஸ்ட் ரேங்க்தான் ஒசத்தி. 5 நம்பர் வித்தியாசம்னா வெளிச்சத்துல சரியா 100 மடங்கு, ஒரு நம்பர்னா சுமார் இரண்டரை மடங்கு. இந்தக் கணக்கை 1856ல முன்வெச்சவர் நார்மன் போக்சன். அவர் அப்புறம் 1861ல மெட்ராஸ் வானாய்வகத்துக்கு வந்து 1891ல இறக்கற வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு. அவர்கிட்ட வேலை பார்த்த நம்ம ரகுநாதாச்சாரி 1867ல ஒரு நட்சத்திரத்தோட வெளிச்சம் மாறுதுன்னு கண்டுபிடிச்சாரு. உலகம் பூரா இன்னிக்கும் பயன்படுத்தற அளவுகோலை வகுத்தவர் நுங்கம்பாக்கத்துல 30 வருஷம் உக்காந்து நட்சத்திரம் பார்த்திருக்காருங்கறது நம்ம பசங்களுக்கு ஸ்கூல்ல சொல்லித்தரணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

சரி, ஏப்சிலான் ஆரிகே சாதாரணமா 3.0 பக்கம் இருக்கும். கிரகணத்துல 3.8க்கு இறங்கும். அதாவது வெளிச்சம் கிட்டத்தட்ட பாதி. ஒளி வளைவுல பார்த்தா மெதுவா நாலஞ்சு மாசம் சரியுது, அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல தட்டையா அடில கிடக்குது, அப்புறம் மெதுவா ஏறுது. கிண்ணம் மாதிரி இல்லாம பாத்ரூம் தொட்டி மாதிரி ஒரு வடிவம்.

கூட்ஸ் வண்டி

இப்போ ரெண்டு வருஷம்ங்கறதை யோசிங்க. ரயில்வே கேட் போட்டிருக்கு, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை, அதுல ஒரு டியூப்லைட். வெறும் எஞ்சின் மட்டும் போனா லைட் ஒரு செகண்ட் மறையும். கூட்ஸ் வண்டி போனா? வரிசையா வேகன் போயிக்கிட்டே இருக்கும், வண்டில உக்காந்திருக்கறவங்க எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு இறங்கி நிப்பாங்க. வேகம் ஒண்ணுதான், நீளம்தான் வேற.

27 வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தி வர்ற ஒண்ணு, நமக்கு முன்னாடி கடந்து போக மட்டும் ரெண்டு வருஷம் கிட்ட எடுக்குதுன்னா அது எவ்வளவு நீளமா இருக்கணும்! நம்ம பூமி சூரியனைச் சுத்துற மொத்த வட்டத்தையும் அதுக்குள்ள வெக்கலாம், அப்பவும் இடம் மிஞ்சும். அவ்வளவு பெரிய நட்சத்திரம் அங்க இருந்தா அது தனியா பளிச்சுனு தெரியணும்ல, தெரியல. இங்கதான் மண்டை காய்ஞ்சது எல்லாருக்கும்.

இன்னொரு குழப்பமும் இருந்துச்சு. நட்சத்திர வெளிச்சத்தைப் பட்டகம் வழியா பிரிச்சா வானவில் மாதிரி ஒரு பட்டை வரும், அதுல கருப்புக் கோடுகள் இருக்கும், அதுக்கு நிறமாலைன்னு பேரு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் அது கைரேகை மாதிரி. வேற ஒரு நட்சத்திரம் வந்து மறைச்சா அதோட கைரேகையும் சேர்ந்து தெரியணும். ஆனா இங்க கிரகணம் நடக்கறப்பவும் மறைபடற நட்சத்திரத்தோட கைரேகைதான் தெரிஞ்சுது, பாதி வெளிச்சத்துல. மறைக்க வந்தது பெருசா இருக்கு, ஆனா சொந்த வெளிச்சம் காட்டல, மறைக்கறதையும் முழுசா மறைக்கல.

1937ல கைப்பர், ஸ்ட்ரூவ், ஸ்ட்ரோம்கிரேன்னு மூணு பெரிய ஆளுங்க சேர்ந்து, வந்து நிக்கறது ஒளி பாதி ஊடுருவிப் போற மாபெரும் குளிர்ந்த நட்சத்திரம்னு சொன்னாங்க. 1971ல ப்ளாக் ஹோலா இருக்கலாம்னுகூட ஒரு விஞ்ஞானி எழுதினாரு. அந்த ஃபார்வர்டுக்கு வேர் அங்க இருந்து வந்திருக்கலாம், ஆனா பின்னால வந்த அளவீடுங்களுக்கு அது பொருந்தல.

லேடீஸ் சீட்ல ஒரு ராத்திரி

போன ஜனவரி அண்ணன் பொண்ணைக் கூட்டிட்டு ஏற்காடு போயிருந்தேன். ஒன்பதாவது படிக்கறா, எதைச் சொன்னாலும் ஏன்னு கேப்பா. சாயங்காலம் லேடீஸ் சீட்ங்கற வியூ பாயின்ட்ல நின்னோம். கீழ சேலம் ஊரே வெளிச்சமா விரிஞ்சு கிடந்துச்சு, மலைப்பாதை வளைவுல பஸ் ஹெட்லைட் வந்து வந்து மறையுது. திடீர்னு பள்ளத்துல இருந்து பனிமூட்டம் ஏறுச்சு. மூட்டம் கண்ணுக்குத் தெரியல, இருட்டுல இருட்டா இருக்கு. ஆனா கீழ ஒரு பக்கம் இருந்த லைட்டெல்லாம் வரிசையா மங்கிக்கிட்டே வந்துச்சு. அவ சொன்னா, "சித்தப்பா, அந்தப் பக்கம் கரண்ட் வோல்டேஜ் டவுன் ஆகுது போல."

ஏப்சிலான் ஆரிகே விஷயத்துல உலகமே பண்ண தப்பு அதுதான்னு எனக்கு அப்போ தோணுச்சு. விளக்குல ஒண்ணும் இல்ல, நடுவுல மூட்டம் போகுது. அவகிட்ட அப்பவே சொன்னேன், "நல்லா பாரு, மங்குன லைட் சிவப்பாயிருக்கா?" இல்ல. வெள்ளை வெள்ளையாவே இருந்துச்சு, கம்மியா இருந்துச்சு அவ்வளவுதான். இதே போகிக்குக் கொளுத்தற புகைக்கு நடுவுல சூரியனைப் பார்த்தா செவச்சுப் போயிருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? புகைத்துகள் ரொம்பப் பொடி, நீல வெளிச்சத்தை அதிகமா சிதறடிச்சிடும், சிவப்பு தப்பிச்சு வரும். மூட்டத்துல இருக்கற நீர்த்துளி ஒளி அலையோட நீளத்தை விட பெருசு, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி தடுக்கும். ஏப்சிலான் ஆரிகே கிரகணத்துல நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறையுது. அப்போ மறைக்கறதுல இருக்கற தூசு பொடித்தூசு கிடையாது, மணல், ஜல்லி மாதிரி பெரும்துகளுங்க. எங்கயோ இருக்கற ஒரு பொருளைத் தொடாம, அது என்ன நைஸ்ல அரைச்சதுங்கறதை அதோட நிழலை வெச்சே சொல்ல முடியுதுங்க!

இதுவரைக்கும் பார்த்ததுல இருந்து: மறைக்கறது ரொம்ப நீளமானது, சொந்தமா பளிச்சுனு எரியாதது, கரடுமுரடான தூசு நிறைஞ்சது, நட்சத்திரத்துல பாதியை மட்டும் மறைக்கிறது.

தட்டுவடை

சேலத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல விளக்கமே வேண்டாம். தட்டுவடை செட் வாங்கறோம்ல, அதுல ஒரு வடையை எடுத்து முகத்துக்கு நேரா பிடிச்சா முழு வட்டம். அப்படியே திருப்பி விளிம்பு தெரியற மாதிரி பிடிச்சா? மெல்லிசா ஒரு கோடு. இப்போ அந்தக் கோட்டை ஒரு எலுமிச்சம்பழத்துக்கு முன்னாடி இடமிருந்து வலமா மெதுவா நகர்த்துங்க, பழத்தோட கீழ்ப்பாதி மட்டும் மறையற மாதிரி. வடை பழத்தை விட அகலம், அதனால ஒரு தடவை உள்ள வந்துட்டா ரொம்ப நேரம் அதே பாதி மறைஞ்சே இருக்கும். முன் ஓரம் நுழையறப்போ சரிவு, நடுவுல தட்டை, பின் ஓரம் வெளிய போறப்போ ஏற்றம். நம்ம தொட்டி வடிவம் வந்திருச்சா!

சு ஷு ஹுவாங்னு ஒரு வானியலாளர் 1965ல இதைத்தான் சொன்னாரு, விளிம்பு நம்மளை நோக்கி இருக்கற ஒரு மொத்தமான தட்டுதான் குறுக்க வருதுன்னு. இப்படி ஒரு நட்சத்திரத்தைச் சுத்தி வாயுவும் தூசும் தட்டு மாதிரி சுழன்றுக்கிட்டு இருந்தா அதுக்கு வட்டுன்னு பேரு. தட்டுவடைக்கு நடுவுல ஒரு வேர்க்கடலை பதிஞ்சிருக்கற மாதிரி இந்த வட்டுக்கு நடுவுல ஒரு சூடான நட்சத்திரம் புதைஞ்சிருக்கு, சுத்தி இருக்கற தூசு மறைக்கறதால நமக்கு நேரா தெரியல. தட்டாமாலைல கருப்புச் சட்டைக்காரன் அதுதான்.

வட்டோட சூட்டையும் அகச்சிவப்புல அளந்திருக்காங்க, சுமார் 550 கெல்வின், அதாவது 280 டிகிரி செல்சியஸ் பக்கம். நல்லா காஞ்ச தோசைக்கல்லை விட கொஞ்சம் கூட. நட்சத்திரங்க ஆயிரக்கணக்கான டிகிரில இருக்கறப்போ இது ஒண்ணுமே இல்ல, அதனாலதான் நம்ம கண்ணுக்கு இருட்டாவே இருக்கு.

ஆனா 1965ல அது ஊகம்தான். யாரும் கண்ணால பார்க்கல. பார்க்கறதும் லேசுப்பட்ட காரியமில்ல. அந்த நட்சத்திரம் வானத்துல எவ்வளவு சின்னதா தெரியும்னா, டெல்லில ஒருத்தர் ஒரு ரூபா காயினைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு, நீங்க சேலத்துல இருந்து பார்க்கறீங்க, அவ்வளவுதான். அந்தக் காயின்ல பாதி மறைஞ்சிருக்கான்னு பார்க்கணும்! அமெரிக்கால மவுன்ட் வில்சன் மலைல சாரான்னு ஒரு அமைப்பு இருக்கு, ஆறு தொலைநோக்கி, ஒவ்வொண்ணும் ஒரு மீட்டர், 300 மீட்டருக்கும் மேல பரவி நிக்குது. பல தொலைநோக்கிக்கு வர்ற ஒளியை ஒண்ணா சேர்த்து, ஒரே மாபெரும் தொலைநோக்கி மாதிரி வேலை வாங்கறாங்க. 2009 நவம்பர்லயும் டிசம்பர்லயும் அதுல படம் எடுத்தாங்க, 2010ல வெளியாச்சு. படத்துல நட்சத்திரத்தோட கீழ்ப்பக்கத்துல நீளமா ஒரு கருப்பு நிழல். நவம்பர்ல கொஞ்சம், டிசம்பர்ல அதிகமா உள்ள நகர்ந்திருக்கு. அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தப்போ நான் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தேன். 45 வருஷம் முன்னாடி ஒரு மனுஷன் வெறும் கோட்டைப் பார்த்துச் சொன்னது அப்படியே அங்க நிக்குது.

கூட்ஸ் வண்டிக்கு மறுபடி வருவோம். வேகனுக்கும் வேகனுக்கும் நடுவுல இடைவெளில டீக்கடை லைட் விட்டு விட்டு எரியும்ல? அந்த மினுக்கை எண்ணினாலே எத்தனை வேகன்னு சொல்லிடலாம். 2009ல பிரிட்டன்ல ஒரு அமெச்சூர், பெரிய வானாய்வகத்து ஆள் கிடையாது, சின்ன தொலைநோக்கில நிறமாலை எடுத்துக்கிட்டே வந்தாரு. அதுல, வட்டுல இருக்கற பொட்டாசியம் வாயுவோட கருப்புக் கோடு, வட்டு உள்ள வர வர ஆழமாச்சு, ஒரே சீரா ஆகல, படிப்படியா ஆச்சு. அப்போ வட்டுல வாயு ஒரே மாதிரி பரவி இருக்கல, வளையம் வளையமா, நடுவுல இடைவெளி விட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஒரு ஆளால முடியாத வேலை

இதுக்கு மேலதான் என் மனசுக்கு நெருக்கமான பகுதி. முதல்ல இது மங்குறதைக் கவனிச்சவர் ஜெர்மனில யோஹான் ஃப்ரிட்ஷ்னு ஒரு பாதிரியார், 1821ல. யாரும் பெருசா எடுத்துக்கல. அடுத்தது 1847-48ல வந்தப்போ ஹைஸ், ஆர்கெலாண்டர்னு ரெண்டு பேர் ஒழுங்கா குறிச்சு வெச்சாங்க. 1875 பக்கம் ஒண்ணு, 1902 பக்கம் ஒண்ணு. 1904ல லூடன்டார்ஃப்னு ஒரு வானியலாளர் பழைய குறிப்பையெல்லாம் ஒண்ணா சேர்த்துப் பார்த்துத்தான் 27 வருஷக் கணக்கை உறுதியா எழுதினாரு. அப்புறம் 1929, 1956, 1983, 2010 பக்கம். 1821ல இருந்து எண்ணினா மொத்தம் எட்டே எட்டு கிரகணம். ஒரு மனுஷ ஆயுசுல ரெண்டு பார்க்கலாம், கொடுத்து வெச்சிருந்தா மூணு.

யாராவது ஒரு தலைமுறை சோம்பேறித்தனமா விட்டிருந்தா 27 வருஷத்துக்கு ஒரு ஓட்டை விழுந்திருக்கும். கிரகணம் இல்லாத காலத்துலயும் பார்க்கணும், ஏன்னா இந்த நட்சத்திரம் சும்மா இருக்கறப்பவே லேசா 0.1 அளவு கூடிக் குறையும், அதைக் கழிச்சாத்தான் கிரகணத்தோட உண்மையான ஆழம் தெரியும். ஜுரம் இல்லாத நாள்ல உடம்பு சூடு எவ்வளவுன்னு தெரியாம ஜுரத்தை எப்படிச் சொல்றது?

ஒரே ஊர்ல இருந்தும் முடியாது. மே கடைசி, ஜூன்ல சூரியன் அந்தப் பக்கம் போயிடும், நமக்கு இங்க சுத்தமா தெரியாது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகைல மழை மேகம். வடக்க இருக்கற நாட்டுக்காரங்களுக்கு நட்சத்திரம் அடிவானத்துக்கு மேலயே கொஞ்சம் தெரியும், அவங்க நம்ம இடைவெளியை நிரப்புவாங்க, அவங்க ஊர்ல பனி கொட்டறப்போ நம்ம நிரப்பலாம். 2009-11ல உலகம் பூரா ஆசிரியர்கள், மாணவர்கள், ரிட்டயர் ஆனவங்கன்னு சாதாரண ஜனங்களைச் சேர்த்து சிட்டிசன் ஸ்கைன்னு ஒரு திட்டமே நடத்தினாங்க. இதுக்கு வெறும் கண்ணே போதும், அதுதான் காரணம். சொல்லப்போனா பெரிய தொலைநோக்கிக்கு இந்த நட்சத்திரம் ரொம்ப பளிச்சுனு இருக்கறதே ஒரு தொந்தரவு.

எப்படிப் பார்க்கறது

ஜனவரி பொங்கல் முடிஞ்சதும் ராத்திரி 9 மணிக்கு மாடில வடக்கு பார்த்து நில்லுங்க. ஊருக்குள்ள முடியலைன்னா கன்னங்குறிச்சி தாண்டி மலையடிவாரம் வரைக்கும் போனாலே வானம் நல்லாயிருக்கும், ஏற்காடுன்னா இன்னும் அருமை, ஸ்வெட்டர் மட்டும் மறந்துடாதீங்க. வடக்கு அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவுல, பாதிக்கு கொஞ்சம் மேல, மஞ்சள் கலந்த வெள்ளைல பளிச்சுனு ஒண்ணு இருக்கும். அதுதான் கபெல்லா, நம்ம பழைய ஜோதிட நூல்ல பிரம்ம ஹிருதயம்பாங்க. கையை நீட்டி ரெண்டு விரல் வெச்சா மறையற தூரத்துல, அது பக்கத்துலயே மூணு சின்ன நட்சத்திரம் ஒல்லி முக்கோணமா இருக்கும். கபெல்லாவுக்கு ரொம்ப கிட்ட இருக்கறது ஏப்சிலான். மத்த ரெண்டுல பளிச்சுனு இருக்கறது ஈட்டா, மங்கலா இருக்கறது சீட்டா. சீட்டாவும் ஒரு கிரகண இரட்டைதான், அது 972 நாளுக்கு ஒரு தடவை.

ஈட்டா 3.2, அது மாறாது. அதுதான் நம்ம தராசு. ஏப்சிலான் சாதாரணமா ஈட்டாவை விட கொஞ்சம் பளிச்சுனு இருக்கும். 2010 ஜனவரில நான் மாடில நின்னப்போ தெளிவா ஈட்டாவை விட மங்கலா இருந்துச்சு, வானத்தோட மேப்பையே யாரோ மாத்தி வெச்ச மாதிரி ஒரு உணர்வு. உத்துப் பார்க்காம, ரெண்டையும் மாறி மாறி ஓரக்கண்ணால பார்த்து எது பளிச்சுன்னு முடிவு பண்ணுங்க, தேதி, நேரம் போட்டு எழுதி வைங்க. மேகம் இருந்தா மேகம்னு எழுதுங்க.

லேடீஸ் சீட்ல மூட்டம் விலகினதும் அண்ணன் பொண்ணுக்கு அந்த முக்கோணத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு என் நோட்டை வாங்கி மொபைல் வெளிச்சத்துல அவளே எழுதினா, "ஏப்சிலான், ஈட்டாவை விட கொஞ்சம் பளிச்." அடுத்த கிரகணம் 2036ல ஆரம்பிக்கும். நோட்டு இப்போ அவகிட்டதான் இருக்கு.